பொறுத்தலும் மன்னித்தலும்: ‘டிராகன் ஏஜ் 2’ ஆட்டத்தின் ஆண்டர்ஸும் தமிழ்க் காப்பிய அறமும்

கனடாவின் பயோவேர் நிறுவனம் 2011 மார்ச்சில் வெளியிட்ட ‘டிராகன் ஏஜ் 2’ என்னும் காணொளி விளையாட்டின் இறுதிப் பகுதியில், கிர்க்வால் என்னும் கற்பனை நகரத்தின் பெருங்கோயில் வெடித்துச் சிதறுகிறது. வெடிக்கச் செய்தவன் பகைவன் அல்லன். ஆண்டுக்கணக்கில் கதைத்தலைமாந்தரின் பக்கத்தில் நின்று போரிட்டவன், காயங்களை ஆற்றியவன், விளையாடுநர் விரும்பியிருப்பின் காதலனாகவும் வாழ்ந்தவன். ஆண்டர்ஸ் என்பது அவன் பெயர். செயல் முடிந்தபின் அவன் ஓடவில்லை. முதுகைக் காட்டி அமர்ந்து தீர்ப்புக்குக் காத்திருக்கிறான். அவனைக் கொல்வதா, போகவிடுவதா, உடன் வைத்துக்கொள்வதா என்பதை விளையாடுநர் அங்கேயே முடிவு செய்தாக வேண்டும். ஆட்டம் வெளிவந்த நாள் முதல் ‘ஆண்டர்ஸ் மன்னிப்புக்குத் தகுதியானவனா?’ என்னும் வாதம் அதனை விளையாடியோரிடையே ஓயவில்லை.

இவ்வினாவைத் தமிழாய்வரங்கில் எழுப்பக் காரணம் உண்டு. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அவுஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95,000க்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோர் சிட்னியிலும் மெல்பேர்ணிலும் வாழ்கின்றனர். அவ்வீடுகளில் வளரும் இளையோர் பலர் அறச்சிக்கல்களை முதலில் எதிர்கொள்ளும் இடம் சிலம்போ கம்பனோ அன்று, இத்தகைய விளையாட்டுகளே. அவர்தம் பெற்றோரில் பலரோ 1983க்குப் பின் இலங்கையை விட்டு வெளியேறியவர்கள். நியாயமான கோரிக்கை ஒன்றன் பெயரால் செய்யப்பட்ட கொடுஞ்செயலை எவ்வாறு எடைபோடுவது என்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு வினா அன்று. ஒரே வீட்டின் இரு அறைகளில், இரு மொழிகளில், ஒரே வினா கேட்கப்படுகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள கதவு பெரும்பாலும் மூடியே கிடக்கிறது.

ஆண்டர்ஸ் பற்றிய வாதம் பொருந்தாத சொல் ஒன்றைப் பற்றிக்கொண்டு நடக்கிறது என்பதும், தமிழில் மன்னித்தல், பொறுத்தல் எனத் தனித்தனியே நிற்கும் இரு செயல்களைப் பிரித்து நோக்கினால் அவ்வாதம் உரிய இடத்துக்கு நகரும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

கிர்க்வாலின் வாயில்

ஆட்டத்தின் தலைமாந்தர் ஹாக், ஆணாகவோ பெண்ணாகவோ விளையாடத்தக்கவர், ஓர் அகதி. பிறந்த ஊர் அழிந்தபின் குடும்பத்தோடு கப்பலேறிக் கிர்க்வாலை அடைகிறார். நகரவாயில் மூடப்பட்டிருக்கிறது; இனி எவருக்கும் இடமில்லை என்கின்றனர் காவலர். கூலிப்படைக்கோ கடத்தற்காரர்க்கோ ஓராண்டு உழைப்பதாக ஒப்புக்கொண்ட பின்னரே குடும்பம் உள்ளே நுழைகிறது. கடல்வழி வந்தோர் வாயிலில் நிறுத்தப்படும் இக்காட்சியை அவுஸ்திரேலியத் தமிழ் வாசகர் வெறும் கதைத் தொடக்கமாகக் கடந்து செல்லுதல் அரிது.

கிர்க்வால் முன்னாளில் அடிமை வணிகத் துறைமுகம். அடிமைகளை அடைத்து வைத்த கொட்டடியே இன்று மந்திர ஆற்றலோடு பிறந்தோரை அடைத்து வைக்கும் ‘வட்டம்’. அவ்வாற்றல் வெளிப்பட்ட குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, டெம்ப்ளர் எனப்படும் படைத்துறவியரின் காவலில் வளர்க்கப்படுகின்றனர். இடர் விளைவிப்பர் எனக் கருதப்படுவோர்க்கு உணர்ச்சியும் கனவும் அற்றுப்போகச் செய்யும் சடங்கு ஒன்று நடத்தப்படுகிறது. ஆண்டர்ஸின் நெருங்கிய தோழன் கார்லுக்கு அது நேர்கிறது. ஒருகணம் தன்னுணர்வு மீளப்பெற்ற கார்ல், மீண்டும் அந்நிலைக்குத் திரும்புமுன் தன்னைக் கொன்றுவிடுமாறு வேண்டுகிறான். ஆட்டத்தில் ஆண்டர்ஸ் அறிமுகமாகும் கதைப்பகுதியே இதுதான். அவன் கோபத்துக்குக் காரணம் இல்லை என்று கூற எவராலும் இயலாது.

2010இல் வந்த ‘அவேக்கனிங்’ என்னும் தொடர்ச்சியில் ஆண்டர்ஸ் வேடிக்கைப் பேச்சும் பூனைக்குட்டியுமாகத் திரிந்தவன். அங்கு அவனை எழுதியவர் டேவிட் கெய்டர். அத்தொடர்ச்சியில் ‘நீதி’ என்னும் பெயருடைய ஆவி தனியொரு பாத்திரம். இறந்த வீரன் ஒருவனின் உடலில் குடியிருப்பது. ஜெனிஃபர் ஹெப்ளர் எழுதிய இரண்டாம் ஆட்டத்து ஆண்டர்ஸ் அந்த ஆவியைத் தன்னுள் ஏற்றுக்கொண்டவன். அவனுள் நெடுநாள் தேங்கிய சினத்தோடு கலந்தபின் நீதி நீதியாக நிற்கவில்லை, வஞ்சமாயிற்று. ஆயினும் நகரின் அடித்தட்டுச் சுரங்கப் பகுதியில் அகதிகளுக்குக் கட்டணமின்றி மருத்துவம் செய்பவனும் அவனே. தான் காப்பாற்றச் சென்ற இளம்பெண் ஒருத்தி தன் தோற்றங்கண்டு அஞ்சியபோது அவளையே கொல்ல முனைபவனும் அவனே.

இறுதிப் பகுதியில் அவன் ஹாக்கை ஏமாற்றுகிறான். தன்னையும் ஆவியையும் பிரிக்கும் மருந்துக்கு என்று சொல்லி இரு பொருள்களைத் தேடித்தரக் கேட்கிறான். பின்னர், காரணம் கேளாது, தலைமைக் குருத்தாய் எல்தினாவைச் சற்றுநேரம் பேச்சில் நிறுத்தி வைக்குமாறு வேண்டுகிறான். உதவினாலும் மறுத்தாலும் வெடிப்பு நிகழ்ந்தே தீரும். ஆட்டத்தின் எந்த வழியிலும் அதனைத் தடுத்தல் இயலாது. எல்தினாவும் உள்ளிருந்தோரும் மாள்கின்றனர். உடனே டெம்ப்ளர் தலைவி மெரிடித், கிர்க்வால் வட்டத்து மந்திரவாதியர் அனைவரையும் கொன்றொழிக்க ஆணையிடுகிறாள். ஆண்டர்ஸ் அவ்வட்டத்தைச் சேர்ந்தவனே அல்லன். இக்குறிப்பு பின்னர்ப் பயன்படும்.

தகுதி என்னும் சொல்

ஆண்டர்ஸின் சார்பில் மூன்று வாதங்கள் வைக்கப்படுகின்றன. ஒடுக்குமுறை அளவிறந்தது, அமைதி வழிகள் அடைபட்டன, ஆவி புகுந்தவனைத் தன்வயத்தன் எனக் கொள்ளல் ஆகாது. முதல் இரண்டிலும் உண்மை உண்டு. எல்தினா பல்லாண்டுகள் எப்பக்கமும் சாராது இருந்ததே ஒருவகைச் சார்பு என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. மூன்றாவது வாதம் நிற்காது. ஆவியை அழைத்தவன் அவன். அதனை மாற்றியது அவன் சினம். திட்டமிட்டதோ ஒரு நொடியில் அன்று, நெடுநாள் அமர்ந்து. எதிர்த்தரப்பாரின் வாதம் எளியது: அங்கு இறந்தோர் எவரும் அவனுக்குத் தீங்கு செய்தவரல்லர்.

இருதரப்பாரும் ‘தகுதி’ என்னும் சொல்லையே அளவுகோலாக வைத்து வாதிடுகின்றனர். தமிழ் இங்கு வேறொரு வழியைக் காட்டுகிறது. ‘பொறுத்தல்’ என்னும் வினை சுமையைத் தாங்குவதையும் பிழையைத் தாங்குவதையும் ஒருங்கே குறிப்பது. பொறை என்பதும் அவ்வாறே; ‘பொறுப்பு’ என்பதும் அவ்வேரிலிருந்து கிளைத்ததே. மன்னிப்பு என்று சொல்லும்போது நம் பார்வை பெறுபவன்மேல் செல்கிறது: அவன் தகுந்தவனா, வருந்தினானா, கேட்டானா? பொறுத்தல் என்று சொல்லும்போது பார்வை தாங்குபவர்மேல் திரும்புகிறது: எவர் தோளில் சுமை, அவரால் இயலுமா? தகுதியின்மை பொறுத்தலுக்குத் தடையன்று. அதே வேளையில் அதற்கொரு கடும் எல்லை உண்டு. தன்மேல் விழுந்த சுமையையே ஒருவர் தாங்க இயலும். பிறர்மேல் விழுந்ததைத் தாங்கியதாகச் சொல்லிக்கொள்ள இயலாது.

வள்ளுவர் வைப்புமுறையும் இங்குக் கருதத்தக்கது. பொறையுடைமை அறத்துப்பாலில், இல்வாழ்வானுக்குரிய அறங்களிடையே, 16ஆம் அதிகாரமாக வருகிறது. கொலைஞரை ஒறுத்தலைப் பயிரிடையே களையெடுத்தலோடு ஒப்பிடும் கருத்தோ பொருட்பாலில், 55ஆம் அதிகாரமாகிய செங்கோன்மையில், அரசனுக்குரியதாக வருகிறது. 58ஆம் அதிகாரமாகிய கண்ணோட்டம் அரசனுக்கும் இரக்கத்தை அனுமதிக்கிறது. கடமை சிதையாத அளவுக்கு என்னும் வரையறையோடு. ஆகவே ஒரே மனிதர் நண்பராக நிற்கும்போது ஏற்கத்தக்கதும் ஆள்பவராக நிற்கும்போது ஏற்கத்தக்கதும் ஒன்றல்ல.

ஹாக்கின் இக்கட்டு இதுவே. ஆண்டர்ஸுக்கு அவர் நண்பர். அதே வேளையில் நகரத்தின் காவலராகப் பட்டம் பெற்றவர். கிர்க்வாலின் ஆளுநர் முன்பே கொலையுண்டு அவ்விருக்கை வெறுமையாகக் கிடக்கிறது. நண்பராக ஹாக் பொறுக்கத்தக்கது ஒன்று உண்டு: தம்மை ஏமாற்றியது. அது அவர்மேல் விழுந்த சுமை. கோயிலினுள் மாண்டோர் பொருட்டு அவர் எதனையும் மன்னித்தல் இயலாது. ஆட்டம் இதனை உணர்ந்ததாகவே தோன்றுகிறது. விளையாடுநர்க்குத் தரப்படும் தெரிவுகளில் ‘மன்னிக்கிறேன்’ என்பது இல்லை. கொல்லல், போகவிடல், உடன்கொள்ளல் என்பவையே உண்டு. மன்னிப்பு என்னும் பெயரைப் பின்னர் இட்டவர்கள் விளையாடியவர்களே.

இம்மூன்றனுள் போகவிடல் இரக்கம்போலத் தோன்றினும் மிக இலகுவானது. அதில் ஹாக் எதனையும் தாங்குவதில்லை. கொல்லல் விசாரணையற்ற தண்டனை. மேலும் ஆண்டர்ஸ் எதிர்பார்த்து அமர்ந்திருப்பதும் அதனையே. தன் சாவு தன் நோக்கத்துக்குப் பயன்படும் என அவன் கருதுகிறான். உடன்கொள்ளல் மட்டுமே ஹாக்கின் தோளில் ஏதேனும் ஒன்றை ஏற்றுகிறது.

அடைக்கலமும் ஆலோசனையும்

ஐயத்துக்குரிய ஒருவனை உடன்கொள்வதா என்று தோழர் கூடி ஆராயும் காட்சி தமிழுக்குப் புதிதன்று. கம்பனின் யுத்த காண்டத்து வீடணன் அடைக்கலப் படலம் முழுமையும் அதுவே. இராமன் உடனிருப்போரின் கருத்தைக் கேட்கிறான். சுக்கிரீவன், சாம்பவன் முதலியோர் தமையனைத் துறந்து வந்தவனை நம்பலாகாது என்கின்றனர். அனுமன் தான் இலங்கையில் கண்டதைச் சான்றாக வைத்து வீடணனுக்காகப் பேசுகிறான். தூதனாகிய தன்னைக் கொல்லலாகாது எனத் தடுத்தவன் அவன் என்பதை நினைவூட்டுகிறான். வெற்றி வரினும் தோல்வி வரினும் அடைக்கலம் புகுந்தவனைக் கைவிடலாகாது என்று இராமன் முடிக்கிறான். கவனிக்க வேண்டியது, அவன் வீடணனின் தகுதியை மெய்ப்பித்து முடிக்கவில்லை என்பது. ஏற்பதால் தனக்கு வரக்கூடிய கேட்டை ஏற்றுக்கொண்டு முடிக்கிறான்.

கிர்க்வாலிலும் உடன்தோழர் கருத்து வேறுபட்டு நிற்கின்றனர். ஆனால் ஒப்புமை இரண்டு இடங்களில் முறிகிறது. வீடணன் கேட்டு வந்தவன். ஆண்டர்ஸ் எதனையும் கேட்கவில்லை. ஏமாற்றியதற்கு வருந்துகிறான், வெடித்ததற்கு அன்று. (ஹாக்கோடு தொடர்ந்து முரண்பட்ட வழியில் வளர்ந்த ஆண்டர்ஸ் தன் செயலையே ஐயுறுவதுண்டு, ஆட்டத்தின் மிக நுண்ணிய எழுத்து அவ்வழியில்தான் உள்ளது, நட்பு வழியில் அன்று.) இரண்டாவது முறிவு இன்னும் ஆழமானது. இராமாயணத்தில் அடைக்கலம் தருபவன், தீங்குக்கு ஆளானவன். சீதையை இழந்தவனே சீதையைக் கவர்ந்தவனின் தம்பியை ஏற்கிறான். ஏற்கும் உரிமை அவனுக்கு உண்டு. கிர்க்வாலில் அவ்வுரிமைக்கு அருகில் வரக்கூடியவன் ஒருவனே: எல்தினாவைத் தாயெனக் கருதிய செபாஸ்டியன் என்னும் இளவரசன். ஆண்டர்ஸ் இறக்க வேண்டும் என்கிறான். ஹாக் மறுத்தால் அக்கணமே பிரிகிறான். படையோடு திரும்புவதாகச் சூளுரைத்துச் செல்கிறான்.

இங்கு ஆட்டத்தின் வணிக அமைப்பு அதன் அறத்துக்குள் புகுந்துவிடுகிறது. செபாஸ்டியன் அடிப்படை ஆட்டத்தில் இல்லை. முன்பதிவு செய்த சிறப்புப் பதிப்பினர்க்கு இலவசமாகவும் ஏனையோர்க்குத் தனி விலைக்கும் தரப்பட்ட இணைப்பில்தான் அவன் வருகிறான். அவ்வினைப்பை வாங்காத விளையாடுநர்க்கு, இறந்தோர்க்காகத் துயருற்றுப் பேசும் அந்த ஒரு குரல் காட்சியிலேயே இல்லை. ஆண்டர்ஸை உடன்கொள்வதற்கு அவர் அந்த விலையைக் கொடுக்கவும் வேண்டியதில்லை. ஆண்டர்ஸை எளிதில் மன்னித்தோரும் அரிதில் மன்னித்தோரும் வாதிட்டபோது, அவர்கள் ஒரே காட்சியைக் கண்டிருந்தனர் என்று கொள்வதற்கில்லை. கதைப்பாடத்தின் எப்பதிப்பை வாசித்தீர் என்று முதலில் கேட்கும் தமிழ்ப் பதிப்புத்துறையினர்க்கு இது வியப்பூட்டாது.

யார் கேட்பது, யார் அளிப்பது

அவுஸ்திரேலியாவில் மன்னிப்பு என்னும் சொல் பொதுவாழ்வின் எடையைப் பெற்ற ஒன்று. பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுசெல்லப்பட்ட பூர்வகுடிக் குழந்தைகளைப் பற்றிய ஆணைய அறிக்கை 1997 மே மாதத்தில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 2000 மே 28இல் சிட்னித் துறைமுகப் பாலத்தில் இலட்சக்கணக்கானோர் நல்லிணக்கத்துக்காக நடந்தனர். 2008 பெப்ரவரி 13இல் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். மெல்பேர்ண் ஃபெடரேஷன் சதுக்கத்திலும் சிட்னி மார்ட்டின் பிளேசிலும் மக்கள் பெருந்திரையில் அதனைக் கண்டனர். கற்பனை உலகத்து மந்திரக் குழந்தைகளை இவ்வரலாற்றோடு சமன்படுத்துவது தகாது. எடுத்துக்கொள்ளத்தக்கது ஒரு வேறுபாடு மட்டுமே. தமிழில் ‘மன்னிப்பு’ என்னும் ஒரே சொல் கேட்பதற்கும் அளிப்பதற்கும் வழங்குகிறது. அவ்விரண்டும் இருவேறு மனிதருக்குரியவை என்பதை அந்நாள் தெளிவாகக் காட்டியது. அரசால் கேட்க மட்டுமே இயலும். அளிப்பதும் அளியாதிருப்பதும் பிரிக்கப்பட்டவர்களின் உரிமை. எவரும் அவர்கள் சார்பில் அளித்துவிட இயலாது.

அந்நாட்டுச் சட்டமும் இவ்வாட்டத்தருகே நின்று வேறொன்றைப் பார்க்கிறது. 2013 ஜனவரி 1 வரை அங்குக் காணொளி விளையாட்டுகளுக்கு ஆர் 18+ என்னும் வகையே இருக்கவில்லை, எம்.ஏ. 15+ என்பதே உச்சம். வன்முறையின் அளவு, குருதியின் அளவு ஆகியவற்றை அளந்தே வகை இடப்பட்டது. பயங்கரவாதச் செயலைத் தூண்டி ஆதரிக்கும் படைப்புகளுக்கு வகைப்பாடு மறுக்க 2007இல் சட்டம் திருத்தப்பட்டபோது, பொதுவிவாதமாகவோ பொழுதுபோக்காகவோ அங்கதமாகவோ மட்டும் அமைந்தவற்றுக்கு விலக்கும் சேர்க்கப்பட்டது. அவ்விலக்கு அறிவுடையது. அது இன்றேல் சிலப்பதிகாரத்தை ஆட்டமாக்க முனைவோர்க்கும் அச்சம் உண்டாகும். ஆயினும் ‘பொழுதுபோக்கு’ என்னும் சொல்லோடு சட்டம் விலகிவிடுவதால், பதினைந்து வயதினர் குண்டுவைத்த தோழனை என்ன செய்வது என்று தனியே அமர்ந்து முடிவெடுக்கிறார். அவரோடு அதனைப் பேசும் மொழியை வழங்குவது இலக்கியத் திறனாய்வின் கடமையாகிறது.

டிராகன் ஏஜ் வரிசையின் முதன்மை எழுத்தாளராக இருந்த கெய்டர் பின்னர் மெல்பேர்ணுக்கு வந்து, 2019இல் லியாம் எஸ்லரோடு சேர்ந்து சம்மர்ஃபால் என்னும் ஆட்டக்கூடத்தை நிறுவினார். 2023 ஆகஸ்டில் வெளிவந்த அதன் ‘ஸ்ட்ரே காட்ஸ்’ ஓர் இசைநாடக ஆட்டம். மெல்பேர்ண் இசைக்குழு டிரைபாடும் சிட்னிப் பாடகர் மான்டெய்னும் அதன் பாடலாக்கத்தில் பங்கேற்றனர். அதில் விளையாடுநர் நீதிபதி அல்லர். கிரேஸ் என்னும் பெண் கலைத்தேவதை ஒருத்தியைக் கொன்றதாகக் கிரேக்கத் தெய்வங்களின் மன்றில் குற்றஞ்சாட்டப்பட்டு, தன் குற்றமின்மையை நிறுவ ஒரு வாரம் பெறுகிறாள். விளையாடுநர் அவளாக நின்று பாடலால் வழக்காடுகிறார். தீர்ப்புச் சொல்லும் இருக்கையிலிருந்து தீர்ப்புக்குக் காத்து நிற்கும் இடத்துக்கு விளையாடுநர் இடம்மாறியுள்ளார். இம்மாற்றத்துக்கு ஆசிரியர் கருதிய காரணம் எதுவாயினும், ஆண்டர்ஸின் காட்சியை அறிந்து இதனுள் நுழைபவர் அதனை உணராதிருத்தல் கடினம். வழக்குரைக்கும் வாய்ப்புக் குற்றம்சாட்டப்பட்டவர்க்குத் தரப்படும் இவ்விடமே மதுரையை நினைவுக்குக் கொணர்கிறது.

மதுரையும் ஆயிரவரும்

நீதி வஞ்சமாகித் தீயாய் எழும் கதையைத் தமிழர் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. ஆண்டர்ஸையும் கண்ணகியையும் ஒருங்கு நிறுத்துதல் சிலர்க்கு உவப்பின்றி இருக்கலாம். வேறுபாடுகள் பெரியவை என்பதே காரணம். கண்ணகிக்கு நேர்ந்தது அவளுக்கே நேர்ந்தது. முதலில் அவள் அரசவையில் வழக்குரைத்தாள். சிலம்பை உடைத்துச் சான்று காட்டினாள். அரசன் பிழை உணர்ந்து உயிர்விட்டான். எரியைத் தூண்டியபோதும் பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப்பெண்டிர், மூத்தோர், குழவி என விலக்கற்குரியோரைச் சொல்லி, தீத்திறத்தார் பக்கமே சேர்க என்றாள். ஆண்டர்ஸுக்கு நேர்ந்தது அவன் இனத்துக்கு நேர்ந்தது. அவன் வெடிப்பு ஆள் பாராதது. அவன் எவர் பெயரால் செய்தானோ அவரை அவன் கேட்டதும் இல்லை.

ஆயினும் அரசன் இறந்தபின்னும் ஊர் எரிந்தது. குற்றவாளி மாண்டபின் எரிந்த தெருக்கள் எவருடையவை என்னும் உறுத்தல் காப்பியத்துக்குள்ளேயே உண்டு. அதனாலன்றோ மதுராபதித் தெய்வம் முன்வந்து, முற்பிறப்பில் பரதன் என்பவனால் கொலையுண்ட வணிகன் சங்கமனின் கதையையும் அவன் மனைவி நீலியின் சாபத்தையும் கூற வேண்டியதாயிற்று. ஊழ் காரணத்தைச் சொல்கிறது, எரிந்ததை ஆற்றுவதில்லை. ஆண்டர்ஸினுள் புகுந்த ஆவியும் அவ்வாறே, விளக்கமாகும் அளவுக்கு விடுதலை ஆகாது.

இரு கதைகளும் மிக நெருங்கும் இடம் இவற்றுள் எதுவுமன்று. சிலம்பின் உரைபெறு கட்டுரையில் ஒரு செய்தி வருகிறது. மழையற்று நாடு வாடியபோது, கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பத்தினிக்குப் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று வேள்வி செய்தான். அதன்பின் மழை பெய்தது. குற்றம் செய்த பொற்கொல்லன் ஒருவன். பலியானோர் அத்தொழிலினர் என்பதன்றி வேறு தொடர்பில்லாத ஆயிரவர். கிர்க்வாலில் வெடித்தவன் ஒரு மந்திரவாதி; அழிக்க ஆணையிடப்பட்டோர் அவனோடு வட்டத்தாலும் தொடர்பற்ற மந்திரவாதியர் அனைவரும். ஒருவன் செயலுக்கு அவன் இனம் முழுவதும் விலைகொடுக்கும் இந்த ஏற்பாடு இருநூலிலும் அரசின் கையால் நிகழ்கிறது. வேறுபாடு ஒன்று உண்டு. கிர்க்வாலில் மெரிடித்தின் ஆணையை எதிர்த்துப் போரிட விளையாடுநர்க்கு வழி உண்டு. ஆயிரவர்க்காக எவரும் போரிட்டதாகக் காப்பியம் கூறவில்லை. மழை வந்ததை மட்டுமே கூறுகிறது. கண்ணகியின் கற்பையும் அறச்சீற்றத்தையும் நூற்றாண்டுகளாகப் போற்றிவந்த தமிழ்த் திறனாய்வு, அவ்வாயிரவரிடம் நின்ற நேரம் மிகக் குறைவு.

ஆண்டர்ஸின் செயலை எடைபோடும்போது முதலில் கேட்கப்பட வேண்டியவர்கள், உள்ளிருந்து மாண்டோரும் மறுநொடியில் அழிவுக்கு உள்ளான வட்டத்தாரும் ஆவர். முன்னவரிடம் கேட்க இயலாது. பின்னவரிடம் கேட்க ஆட்டம் நேரம் தருவதில்லை. அவர்கள் இல்லாத அவையில் ஹாக் ஆண்டர்ஸை மன்னித்தார் என்பது பொருளற்ற கூற்று. பொறுத்தார் என்பது பொருளுடையது. அவனை உயிரோடு உடன்வைத்து, அவன் மூட்டிய அழிவிலிருந்து அவ்வட்டத்தாரைக் காக்க அவனையே போரிடச் செய்வதில் ஒரு முறைமை உண்டு. அவன் மன்னிப்புக்குத் தகுதியற்றவன் என்று கருதுவோரும் அவ்வழியைத் தெரிந்துகொள்ளலாம், இரண்டும் முரணல்ல.

2014இல் ‘இன்குவிசிஷன்’ வெளிவந்தபோது, விளையாடுநர் முன்னாட்டங்களில் செய்த முடிவுகளை ‘கீப்’ என்னும் இணையப் பதிவேட்டில் குறித்துக்கொள்ள வசதி செய்யப்பட்டது. ஆண்டர்ஸின் உயிர் அங்கு ஒரு கட்டத்தில் இடும் குறி. ஆட்டத்தையே விளையாடாதவரும் அக்குறியை இடலாம். உயிரோடிருப்பதாகக் குறித்தோர்க்கும் அவ்வாட்டத்தில் ஆண்டர்ஸ் ஒருமுறையும் நேரில் தோன்றுவதில்லை. செபாஸ்டியன் கதையில் இடம்பெற்றிருந்தால் அவன் சூளுரை மட்டும் நிறைவேற வருகிறது. அவன் கிர்க்வால் மீது படை நகர்த்துவதாக ஓலையொன்று போர்த்திட்ட மேசைக்கு வந்து சேர்கிறது. அதற்கு விடையெழுத வேண்டியவர் ஹாக் அல்லர். ஆண்டர்ஸை ஒருநாளும் கண்டிராத வேறொரு தலைமாந்தர்.